என்ன கடை என்பதை அப்புறம் ஒட்டிக்கலாம்

கடை நடத்துவதைக் கூட எப்படியோ சமாளித்துவிடலாம். என்ன கடை வைப்பது என்று யோசிப்பது இருக்கிறதே, அதுதான் முழுநேரத் தொழில். லீவு கிடையாது, சம்பளம் கிடையாது, கூட உட்கார்ந்து புலம்ப ஆளும் கிடையாது. தோசை ஊற்றும்போது மாவு மில் போட்டால் என்ன என்று தோன்றும். மில்லுக்கு எங்கே கரண்ட் எடுப்பது என்று யோசிப்பதற்குள் தோசை கருகிவிடும். இதைப் படிப்பவர்களில் பல பேர் வீட்டில் இப்படித்தான் தோசை கருகுகிறது என்று எனக்குத் தெரியும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவள். மகள் பிறந்ததும் நின்றுவிட்டேன். அவள் ஒன்றாம் வகுப்புக்குப் போனதும் எனக்குக் கை அரிக்க ஆரம்பித்தது. கம்பெனியில் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் நாள் முழுக்க நின்றபடி அடுத்தவர் சொன்னதைச் செய்தது போதும் போதும் என்றாகிவிட்டது. இனி செய்தால் சொந்தமாக ஒன்று செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் வீடு திருத்தணியில், சரவணப் பொய்கையிலிருந்து மலைப் படிக்குப் போகிற வழியில் இருக்கிறது. தெருவைப் பார்த்து ஷட்டர் போட்ட முன்னறை ஒன்று உண்டு. அதில் மாமாவின் பழைய ஸ்கூட்டரும் ஓர் உடைந்த கட்டிலும் குடியிருந்தன. மாமா என்றால் என் மாமனார், பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அந்த அறையைக் கடைக்குக் கேட்டேன். ஸ்டாப் வந்துவிட்டது, இறங்கு என்கிற அதே குரலில் சொன்னார்: "ஆடிக் கிருத்திக வரைக்கும் உனுக்கு. அதுக்குள்ள கடை வந்தா கடை. இல்லன்னா பல் டாக்டர் ஒருத்தர் கேட்டுகினு கீறாரு, அவருக்கு வுட்டுடுவேன்."

மொட்டைக்குத் தொப்பி

சித்திரை வெயில். பொய்கையில் குளித்து, மொட்டை போட்டு, மண்டையில் சந்தனம் பூசிக்கொண்ட கூட்டம் எங்கள் வாசலைத் தாண்டித்தான் மலைக்குப் போகும். ஒருநாள் பார்த்துக்கொண்டே நின்றவளுக்குத் திடீரென்று பொறி தட்டியது. இத்தனை மொட்டை, இத்தனை வெயில், ஒரு தலையில்கூடத் தொப்பி இல்லை! இவ்வளவு நாளாக இது யார் கண்ணிலும் படவில்லையே! அன்றைக்கே பஸ் ஏறி அம்மையார்குப்பம் போனேன். அங்கே விசைத்தறி வைத்திருக்கும் என் அண்ணனிடம் மிச்சத் துணியை அள்ளிக்கொண்டு வந்தேன். மஞ்சளிலும் பச்சையிலும் தொப்பியாகத் தைத்துத் தள்ளினேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃப்ளெக்ஸ் அடிக்கும் காதர் பாயிடம் ஒரு போர்டும் சொல்லிவிட்டேன்.

கூட்டம் வந்தது. தொப்பியைத் தொட்டுப் பார்த்தது. பிள்ளை தலையில் வைத்து போட்டோ எடுத்தது. கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனது. சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், அப்பா முதல் கைக்குழந்தை வரை எல்லாருக்கும் மொட்டை, சந்தனம் வியர்வையில் வழிந்து காதுக்குள் போகிறது, அவர்களும் வாங்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. பின்னாலேயே ஓடி, பிள்ளைக்காவது ஒன்று வாங்கக் கூடாதா என்று கேட்டேன். அந்த மனிதர் கோபிக்கவில்லை. தன் மண்டையை ஒரு தடவை ஆசையாகத் தடவிக்கொண்டு சொன்னார்: "சாமிக்குக் குடுத்த தலம்மா இது. ஊரு போய் சேர்ற வரைக்கும் நாலு பேரு பாக்கணும். இத மூடிட்டா, வேண்டுதல் தீத்தேன்னு யாருக்குத் தெரியும்?"

லோக்கல் ட்ரெயினில் இட்லி

என் வீட்டுக்காரர் தினமும் காலை லோக்கலில் அம்பத்தூர் போகிறவர். எப்போதும் ஒரே பெட்டி, ஒரே மூலை, அதே ஆட்கள். அரசியல் பேசுவார்கள், அரக்கோணம் தாண்டினால் தூங்குவார்கள். இவர்கள் காலையில் என்னதான் சாப்பிடுகிறார்கள் என்று எனக்கு ஒரு யோசனை ஓடியது. வாழையிலையில் பொடி தடவிய இட்லியைக் கட்டி, ருசி பார்க்கச் சொல்லி அவர் கையில் கொடுத்தனுப்பினேன். கொண்டாடிவிட்டார்கள். அடுத்த நாளும் கொண்டாடினார்கள். கெட்டிச் சட்னி இருந்தால் இன்னும் தூக்கலாக இருக்கும் என்று ஒருவர் யோசனை சொல்ல, சட்னியும் அரைத்தேன். அந்த வாரம் முழுக்க நான் விடிவதற்கு முன்னால் எழுந்து ஒரு ரயில் பெட்டிக்கே அன்னதானம் செய்திருக்கிறேன் என்பது விலை சொன்ன நாளில்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு மட்டும் அரக்கோணம் வருவதற்கு முன்பே பெட்டி முழுக்கத் தூங்கிவிட்டதாம்.

அவர்களில் ஒருவருக்கு மனசாட்சி உறுத்தியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீடு தேடி வந்தார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நெளிந்தார். நான் என்ன குறை என்று கேட்டேன், உப்பா, புளிப்பா என்று கேட்டேன், சும்மா சொல்லுங்கள் அண்ணா என்று கெஞ்சினேன். அவர் உள்ளே என் மாமியார் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "சிஸ்டர், இட்லிக்கு இன்னா கொற? ஆனா டிஃபன் வெளிய வாங்கித் துன்றேன்னு தெரிஞ்சா எங்க வூட்ல சமையலையே நிறுத்திடுவாங்க."

கண்ணை மூடச் சொன்னார்கள்

யோசனைக்குப் பஞ்சமில்லை, மனநிலையில்தான் கோளாறு என்று செல்போனில் ஒரு வீடியோ சொன்னது. அந்த நேரம் பார்த்து பைபாஸ் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் தொழில் முனைவோர் மனநிலைப் பயிற்சி என்று போட்டிருந்தார்கள். முதல் வகுப்பு இலவசம். கோட்டு போட்டு வந்த ஒருவர், உங்களுக்குள் ஒரு முதலாளி தூங்கிக்கொண்டிருக்கிறார், அவரை எழுப்புங்கள் என்றார். பிறகு எல்லாரையும் கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் சில வருஷத்தில் எங்கே இருப்போம் என்று பார்க்கச் சொன்னார். நான் மூடினேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் முன்னறையில் ஒரு பல் நாற்காலி. பயந்துபோய்க் கண்ணைத் திறந்துவிட்டேன்.

பக்கத்து நாற்காலியில் பள்ளிப்பட்டிலிருந்து வந்த ஒரு அம்மா, வாய் திறந்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போய்த் துணி விற்பவராம். டீ இடைவேளையில் அவரைப் பிடித்துக்கொண்டேன். பயமே வராதா, ஒரு நாள் விற்காவிட்டால் என்ன செய்வீர்கள், எந்த மாதிரி மனநிலையோடு காலையில் கிளம்புவீர்கள் என்று கேள்வியாகக் கேட்டேன். அவர் டீயை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். காலடியில் இருந்த பெரிய பையின் ஜிப்பை இழுத்தார். என்னை மேலிருந்து கீழே வரை ஒரு பார்வை பார்த்தார்: "அதெல்லாம் இருக்கட்டும் கண்ணு, நைட்டி எடுத்துக்கோ. உனுக்கு எக்ஸெல்லா, டபுள் எக்ஸெல்லா?"

காதர் பாயின் யோசனை

அந்த மாதங்களில் நான் போட்ட போர்டுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தொப்பிக்கு ஒன்று. இட்லிக்கு ஒன்று. நடுவில் காளான் வளர்க்கப் போவதாக ஒன்று. அது காளானைப் பார்த்ததும் என் மாமியார் போட்ட சத்தத்தில் மாட்டப்படாமலே போனது. அப்புறம் ஜெராக்ஸ், அப்புறம் டியூஷன். டியூஷனுக்கு வந்த ஒரே பிள்ளை என் மகள். எனக்கு ராத்திரி ஒரு யோசனை வந்தால் காலையில் காதர் பாய் கடையில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு ஒரு மாதிரி இருக்கும். போர்டு அடித்துவிட்டாலே கடை பாதி வந்துவிட்டதாக ஒரு திருப்தி. சக துன்பப்படுவோரே, உங்களுக்கும் அந்தத் திருப்தி தெரியும்தானே? பெயர் வைப்பது, லோகோ வரைவது, விசிட்டிங் கார்டுக்கு என்ன கலர் என்று மண்டையை உடைத்துக்கொள்வது, இதெல்லாம் வேலை செய்கிற மாதிரியே இருக்கும். வேலையாக மட்டும் இருக்காது.

ஆனியில் ஒருநாள் மறுபடி போய் நின்றேன். இந்த முறை என்ன என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. பழச்சாறா, பரிசுப் பொருளா என்று மென்று விழுங்கினேன். காதர் பாய் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். வியாபாரம் வருகிறதே என்று அவர் சந்தோஷப்பட்டிருக்கலாம். பாவம், அவருக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டது: "தங்கச்சி, இந்த தபா கீதா ஸ்டோர்ஸ்னு உன் பேர மட்டும் பெருசா போட்டுக்கலாம்மா. கீழ எடம் வுட்டு வெக்கிறேன். இன்னா கடைன்னு அப்புறமா ஒட்டிக்கலாம்."

அளவு எடுக்க வந்தவர்

பல் டாக்டர் ஒருநாள் டேப்போடு வந்தார். சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். அந்த மரியாதைதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. சண்டைக்காரராக இருந்திருந்தால் எவ்வளவு வசதி! மாமா ஒரு முனையைப் பிடிக்க, அவர் மறு முனையைப் பிடித்து அறையை அளந்தார். இங்கே நாற்காலி, இங்கே வாஷ் பேசின் என்று சுவரில் சாக்பீஸால் கோடு போட்டார். அந்தச் சுவரில்தான் நான் மனதுக்குள் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு ஷெல்ஃப் அடித்துக்கொண்டிருந்தேன். என் வயிறு எரிந்தது என்று சொன்னால் அது குறைவு.

அடுத்த வாரமே கடை திறக்கப் போகிறேன் என்று ஒரு போடு போட்டேன். என்ன கடை மேடம் என்று கேட்டார். சஸ்பென்ஸ் என்றேன். மாமா தொண்டையைக் கனைத்தார். நான் விட்டுக்கொடுக்காமல் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தேன். டாக்டர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே என் வாயை உற்றுப் பார்த்தார்: "மேடம், தூக்கத்துல பல்ல நறநறன்னு கடிக்கிறீங்களா? கடைவாய்ப் பல்லு எல்லாம் தேஞ்சு போயிருக்கே."

காற்று அடித்த கிருத்திகை

ஆனிக் கிருத்திகை அன்று காலை ஷட்டர் வாசலில் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தேன். ஆந்திராவில் நகரியிலிருந்து வந்த பெண்கள் கூட்டம் ஒன்று, பொய்கையில் முழுகிவிட்டு ஈரச்சேலையோடு எதிர்ப்பக்கம் ஒதுங்கியது. இரண்டு பேர் ஒரு புடவையை விரித்துப் பிடிக்க, ஒவ்வொருத்தியாகப் பின்னால் போய் மாற்றுவார்கள். வருஷா வருஷம் பார்க்கிற காட்சிதான். ஆனால் அன்றைக்குக் காற்று. பிடித்த புடவை பிய்த்துக்கொண்டு பறக்கிறது, உள்ளே இருப்பவள் கத்துகிறாள், பைக்கில் போன இரண்டு தடியன்கள் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்க்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் ஷட்டரை மேலே தூக்கி, எல்லாரும் உள்ளே வாங்க என்று கத்தினேன்.

வந்தார்கள். ஸ்கூட்டர் ஹேண்டிலில் ஈரத்துணி தொங்கியது, கட்டிலில் பை, சீப்பு, பூ. அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் சரோஜம்மா. என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும், உரத்த குரல், பெண்ணே என்பதைத் தெலுங்கில் அம்மாயி என்பாள். பின் கேட்டார்கள், கண்ணாடி கேட்டார்கள், என் மாமியார் மோர் கரைத்துக் கொடுத்தார். போகும்போது எனக்கு வெற்றிலையும் குங்குமமும் கொடுத்தார்கள். மாதக்கணக்காக எனக்குள் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அந்தக் காலையில் மட்டும் ஓடவில்லை. நான் நன்றாக இருந்தேன். சரோஜம்மா தெருவில் இறங்கியவள் திரும்பி வந்து என் கையில் ஒரு வாழைப்பழத்தைத் திணித்தாள்: "அம்மாயி, ஆடிக் கிருத்திகைக்கும் எங்குளுக்கு இந்த வூடுதான். ஞாபகம் வெச்சிக்கோ."

கட்டணம் உண்டு

நன்றாக இருந்தவள் அப்படியே இருந்திருக்கலாம். யோசனை எங்கே விட்டது? அவள் தெருமுனை திரும்புவதற்குள் எனக்குள் மணி அடித்துவிட்டது. இதுதான் கடை! இதைத்தான் தேடினேன்! ஸ்கூட்டரை வெளியேற்றினேன். கொக்கி, கண்ணாடி, திரை, டோக்கன், பிளாஸ்டிக் ஸ்டூல். காதர் பாய் விட்டு வைத்த இடத்தில், பெண்கள் உடை மாற்றும் அறை, கட்டணம் உண்டு என்று ஒட்டிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். ஆடிக் கிருத்திகை. தெரு கொள்ளாத கூட்டம், பூக்காவடி, பம்பை, அரோகரா. அத்தனை ஈரச்சேலையும் என் வாசலைத் தாண்டிப் போனது. ஒருத்தி நிற்பாள், போர்டைப் பார்ப்பாள், நகர்ந்துவிடுவாள். எதிர்ப்பக்கம் புடவைகளைப் பிடித்துக்கொண்டு வரிசையாக மாற்றிக்கொண்டார்கள். சரோஜம்மா கூட்டமும் வந்தது. கூட வந்த பெண் போர்டைப் படித்துச் சொன்னாள். சரோஜம்மா என்னைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு எதிர்ப்பக்கம் போனாள்.

ரோஷத்தில் மதியம் வரை டோக்கனைப் பிடித்தபடி நின்றேன். அதற்கு மேல் முடியவில்லை. போர்டைக் கழற்றச் சொல்லிவிட்டு, கூட்டத்தில் இடிபட்டுக் குளத்தங்கரை வரை ஓடினேன். அவர்கள் புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காசு வேண்டாம், வாங்க, அந்தப் போர்டு சும்மா போட்டது என்று மூச்சு வாங்கச் சொன்னேன். சரோஜம்மாவிடம் கோபமே இல்லை, அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. இலையில் எனக்கும் ஒரு பிடி சாதம் வைத்துக்கொண்டே சொன்னாள்: "ஆச்சு அம்மாயி, மாத்திகினோம். போன தடவ உன் வூடுன்னு வந்தோம். இன்னிக்கு நீ கடை நடத்திகினு கீறே. கடகாரங்கள எதுக்குத் தொந்தரவு பண்றது?"

சாவி

மாமா சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை. மறுநாள் காலை கையை நீட்டினார். ஷட்டர் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய், அரிசி களைகிற சாக்கில் அழுது தீர்த்தேன். அறை போனது மட்டுமா? நான் சொந்தமாக எதுவும் செய்ய லாயக்கில்லாதவள் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, எனக்கும் தெரிந்துவிட்டது என்று தோன்றியது. கம்பெனிக்கு போன் செய்து, ஆவணியில் வருகிறேன், வேனில் ஓர் இடம் வையுங்கள் என்று சொன்னேன்.

மாமா சமையலறை வாசலில் வந்து நின்றார். ஆறுதல் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. எதையோ தேடுவது போல அலமாரியைத் திறந்தார், மூடினார்: "நீ கெட்டிக்காரிதாம்மா, நான் இல்லன்னு சொல்லல. ஆனா பஸ்ஸு எடுக்கற டைம்னு ஒண்ணு கீது இல்ல?"

பின்பக்கம்

முன்னறையில் கிளினிக் வந்துவிட்டது. ஆவணிக் கிருத்திகைக்கு மறுநாள் நான் கம்பெனியில் சேர வேண்டும். கிருத்திகை அன்று காலை அடுப்பில் பாலை வைத்துவிட்டு, மறுநாளைக்கு என் டிஃபன் பாக்ஸ் மூடி எங்கே என்று உருட்டிக்கொண்டிருந்தேன். சந்துப் பக்கம் இருக்கிற பின்கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் சரோஜம்மா, பின்னால் ஈரம் சொட்டச் சொட்ட ஏழெட்டுப் பெண்கள். "முன்னாடி டாக்டரு கீறாரு. அதான் சுத்திகினு வந்தோம். போர்டு வேற இல்லியே" என்று சொல்லிக்கொண்டே என்னை இடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். சமையலறை தாண்டி எங்கள் படுக்கையறை முழுக்கத் தண்ணீர். என் மகள் கட்டில் மேல் ஏறி நின்று வேடிக்கை பார்த்தாள். வீட்டுக்காரர் சட்டையை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினார்.

ஒரு பெண் மாற்றுப் பாவாடையை ஊரிலேயே மறந்துவிட்டு வந்திருந்தாள். அலமாரியிலிருந்து என்னுடையதில் புதிதாக இருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை நீட்ட, நான் சூடுபட்ட பூனை, ஐயோ வேண்டாம் என்று பின்னால் நகர்ந்தேன். சரோஜம்மா தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே திரும்பினாள்: "இனாமா குடுத்தா அடுத்த தபா எப்டி அம்மாயி வந்து கேக்கறது? வாங்கிக்கோ. வர்ற கிருத்திகைக்கு நாலு பாவாடை, ரெண்டு துண்டு எடுத்து வெய்யி, ஊர்லேர்ந்து தூக்கினு வர முடில. டார்க் கலரா பாத்து எடு, ஈரத்துல வெளிய தெரியக்கூடாது."

அடுத்த நாள் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தபோது நான் பாவாடைத் துணிக்காக அம்மையார்குப்பத்து அண்ணனிடம் போகிற பஸ்ஸில் இருந்தேன். இப்போதும் கால் ஓர் இடத்தில் நிற்பதில்லை, ஆனால் அலைவது சரக்கு எடுக்க. தொழில் தொடங்க எப்படிப்பட்ட மனநிலை வேண்டும் என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, முன்பக்கம் என்ன வேண்டுமானாலும் யோசித்துக்கொள்ளுங்கள், பின்கதவை மட்டும் தாழ் போடாதீர்கள் என்பதுதான்.